காய்ச்சல் இல்லாத மலேரியா

மலேரியா நிலைகொண்ட கிராமங்களில் நோயைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். இந்தியா 2030க்குள் மலேரியாவை ஒழிக்க வேண்டுமானால் தேட வேண்டியது இவர்களைத்தான்.

மலேரியா ஒட்டுண்ணி ரத்தத்தில் இருந்தும் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ தலைவலியோ இல்லாத நிலையே அறிகுறியற்ற மலேரியாத் தொற்று. இத்தொற்று உள்ளவர் வயல் வேலைக்குப் போகிறார், காட்டில் விறகு பொறுக்குகிறார். சிறு பிள்ளையானால் பள்ளிக்கூடம் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் போவதில்லை, போவதற்குக் காரணம் எதுவும் இல்லாததால். ஆனால் அவரைக் கடிக்கும் அனோபிலிஸ் கொசு அந்த ரத்தத்திலிருந்தும் ஒட்டுண்ணியை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் இன்னொருவர் உடலில் செலுத்திவிட முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் 83 நாடுகளில் 26.3 கோடி முறை மலேரியா நோய் கண்டது, 5.97 லட்சம் பேர் இறந்தனர். இறப்புகளில் 95 சதவீதம் ஆப்பிரிக்க மண்டலத்தில் நிகழ்ந்தவை. இது நோயாக வெளிப்பட்ட மலேரியாவின் கணக்கு. காய்ச்சல் இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். நோய் நிலைகொண்ட ஒரு கிராமத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே நாளில் சோதித்தால், ஒட்டுண்ணி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

மலேரியா ஒழிப்புத் திட்டங்களோ காய்ச்சலைத் தேடியே வளர்ந்தவை. காய்ச்சல் வந்தவரிடம் ரத்தம் எடுப்பது, ஒட்டுண்ணி இருந்தால் மருந்து கொடுப்பது என்பதே பல பத்தாண்டுகளாக அவற்றின் அடிப்படை. நோயும் சாவும் குறைய அது போதும். பரவல் முற்றிலும் நிற்க அது போதாது என்பதை ஒடிஷாவின் மலைக் கிராமங்களும் சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளும் காட்டியிருக்கின்றன.

எது அறிகுறியற்ற தொற்று?

கள ஆய்வுகளில் இதற்குப் பொதுவாக நான்கு நிபந்தனைகள் வைக்கப்படுகின்றன. ரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பது உறுதியாக வேண்டும். அக்குளில் பார்க்கும்போது உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். கடந்த ஓரிரு நாட்களிலும் காய்ச்சல் வந்திருக்கக் கூடாது. அண்மையில் மலேரியா மருந்து உட்கொண்டிருக்கவும் கூடாது.

இந்த வரையறைக்குள் மூன்று வகையினர் கலந்துவிடுகிறார்கள். ஒட்டுண்ணி இப்போதுதான் ரத்தத்துக்கு வந்து, இன்னும் சில நாட்களில் காய்ச்சலில் விழப்போகிறவர்கள் ஒரு வகை. இலேசான தலைவலியும் அசதியும் இருந்தும் அதைப் பொருட்படுத்தாதவர்கள் இரண்டாம் வகை. மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இன்றி ஒட்டுண்ணியைச் சுமப்பவர்கள் மூன்றாம் வகை. முதல் வகையினரைப் பிரித்தறிய இரண்டு மூன்று வாரமாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஒரே நாளில் முடிந்துவிடும் கணக்கெடுப்பில் இது இயலாது. ஆய்வுக்கு ஆய்வு சதவீதங்கள் பெரிதும் மாறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

மனிதருக்கு மலேரியா தரும் ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இரண்டுமே இந்தியாவில் முக்கியமானவை. உயிருக்கு ஆபத்தான தீவிர மலேரியாவைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஃபால்சிபாரம். கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி கிளம்புவது வைவாக்ஸ். அறிகுறியற்ற தொற்று இரண்டிலும் உண்டு; அது நீடிக்கும் விதம்தான் வேறு.

எதிர்ப்பாற்றல் காப்பது யாரை?

1899இலும் 1900இலும் ஜெர்மன் அறிவியலாளர் ராபர்ட் காக் ஜாவாவிலும் நியூகினியிலும் மலேரியாவை ஆராய்ந்தார். அங்கே சிறு குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகுதியாக இருந்தது. அதே ஊர்ப் பெரியவர்களின் ரத்தத்தில் அரிதாகவே இருந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த பெரியவர்களோ கடுமையாக நோயுற்றார்கள். மலேரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர் உடல் அதைத் தாங்கப் பழகிக்கொள்கிறது என்று காக் முடிவுசெய்தார். 1961இல் காம்பியாவில் நடந்த ஒரு சோதனை இதன் உட்காரணத்தைக் காட்டியது. மலேரியாவைத் தாங்கப் பழகிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புரதங்களை, நோயுற்ற குழந்தைகளின் உடலில் செலுத்தியபோது ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது.

இந்த எதிர்ப்பாற்றல் அம்மை நோய்க்கு வருவதைப் போல ஒருமுறை வந்தால் முழுமையாகிவிடுவதில்லை. ஃபால்சிபாரம் தான் புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்துகிறது. அதைக்கொண்டு அந்த அணு நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலின் வடிகட்டலுக்குத் தப்புகிறது. இந்தப் புரதத்தை உருவாக்க ஒட்டுண்ணியிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள் உள்ளன. ஒன்றை உடல் அடையாளம் காணத் தொடங்கும்போது ஒட்டுண்ணி இன்னொன்றுக்கு மாறிவிடும். இப்படிப் பல வடிவங்களை ஒவ்வொன்றாகச் சந்தித்துச் சந்தித்தே உடல் தேறுகிறது. தொடர்ந்து கொசுக்கடி உள்ள இடங்களில், உயிரைக் குடிக்கும் தீவிர நோயிலிருந்து தப்பும் வலிமை முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. காய்ச்சலைத் தவிர்க்கும் ஆற்றல் பள்ளிப் பருவத்தில் வருகிறது. ஒட்டுண்ணியின் எண்ணிக்கையையே மிகக் குறைவாக வைத்திருக்கும் ஆற்றல் வளர்ந்த பிறகே கைகூடுகிறது. ஒட்டுண்ணியை அறவே துடைத்தெறியும் ஆற்றல் மட்டும் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

காய்ச்சலைத் தடுக்கும் அதே எதிர்ப்பாற்றல் மருந்து தேடும் தேவையையும் இல்லாமலாக்கிவிடுகிறது. மனிதர் பிழைக்கிறார்; அவருக்குள் ஒட்டுண்ணியும் பிழைக்கிறது. பரவல் மிகுந்த ஊர்களில் அறிகுறியற்ற தொற்று அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். பரவல் குறைந்த ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அங்கே தொற்றும் சோதனைக்கு எட்டாத அளவு நுண்ணியதாக இருப்பது வழக்கம்.

மரபும் இதில் பங்கெடுக்கிறது. அரிவாள் செல் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு ஃபால்சிபாரத்தின் தீவிர நோய் வெகுவாகக் குறைகிறது என்பது 1954 முதல் அறியப்பட்ட செய்தி. ஒடிஷா, சத்தீஸ்கர் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் இந்த மரபணு பரவலாக உள்ளது. அது கடும் நோயைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி நுழைவதை முழுமையாகத் தடுப்பதில்லை.

யாரிடம் தங்குகிறது?

அறிகுறியற்ற தொற்று ஊர் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. வயது, வேலை, வீடு, இடம், பருவம் ஆகிய ஐந்தும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

வயதில் முதலில் நிற்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் போதாது. தொற்று வந்தால் காய்ச்சலும் வரும், பெற்றோர் மருந்துக்குக் கொண்டுபோவார்கள். பெரியவர் உடலில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைவு. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைக்கோ காய்ச்சலை அடக்கும் அளவுக்கு ஆற்றல் வந்திருக்கும். ஒட்டுண்ணியை அடக்கும் அளவுக்கு வந்திருக்காது. இந்த வயதில் கொசுவலையும் நழுவிப் போகிறது. வீட்டிலிருக்கும் வலைக்குள் முதலில் இடம்பெறுவது கைக்குழந்தையும் தாயும்தான்.

இதன் விளைவைக் கிழக்கு உகாண்டாவின் டொரோரோ மாவட்டத்தில் நடந்த ஆய்வு அளந்து காட்டியது. அங்கே கொசுவலையும் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பும் சேர்ந்து மலேரியாவை வெகுவாகக் குறைத்திருந்தன. ஊராரின் ரத்தத்தை ஆய்வகக் கொசுக்களுக்கு ஊட்டி, எவருடைய ரத்தத்திலிருந்து கொசுவுக்குத் தொற்று ஏறுகிறது என்று பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவுகளின்படி, கொசுக்களைத் தொற்றிய ஒட்டுண்ணிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், காய்ச்சல் இல்லாமலும் ஆனால் நுண்ணோக்கியில் தெரியும் அளவிலும் ஒட்டுண்ணி கொண்டவர்களிடமிருந்து வந்தன. காய்ச்சலோடு வந்தவர்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பாதிக்கு மேற்பட்ட பங்கு 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுடையது.

வேலையால் வரும் வேறுபாடு ஆசியக் காடுகளில் கூடுதலாகத் தெரிகிறது. ஒடிஷாவின் மல்கான்கிரி, கோராபுட், ராயகடா, கந்தமால் மாவட்டங்களிலும் பஸ்தரிலும் வாழ்க்கை காட்டோடு பின்னியது. இலுப்பைப்பூ பொறுக்க விடியுமுன் கிளம்ப வேண்டும். பீடி இலை பறிக்கும் பருவத்தில் காட்டிலேயே தங்குவதும் உண்டு. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் போடு சாகுபடியில், விளைச்சலைக் காக்க இரவில் காவல் இருக்க வேண்டும். அந்திக்கும் விடியலுக்கும் இடையே கடிக்கும் கொசுவுக்கு இந்த நேரங்கள் வாய்ப்பானவை. வீட்டில் கட்டிய வலையால் இங்கே பயன் இல்லை. காட்டு வேலைக்குப் போகும் இளைஞர்களிடமும் நடுவயது ஆண்களிடமும் தொற்று கூடுதலாக இருப்பது, மியான்மர், கம்போடியா உள்ளிட்ட மீகாங் வட்டாரத்திலும் காணப்படும் நிலை.

வீட்டின் அமைப்பும் பொருட்படுத்த வேண்டியது. மண்சுவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள இடைவெளி, கதவில்லாத வாசல், ஓலை அல்லது வைக்கோல் கூரை ஆகியவை கொசு உள்ளே வர வழிவிடுகின்றன. கோடையில் முற்றத்தில் படுப்பது, வீட்டுச் சுவரில் மருந்தடித்த சில நாட்களில் மேலே சாணமோ மண்ணோ பூசிவிடுவது, வலையை மீன் பிடிக்கவோ தானியம் மூடவோ எடுத்துக்கொள்வது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. வறுமை இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளது. ஒரு வீட்டில் ஒருவருக்கு மலேரியா உறுதியானால், அதே வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் அறிகுறி இல்லாத தொற்று இருக்கும் வாய்ப்பு ஊரின் மற்றப் பகுதியைவிட அதிகம்.

இடத்தைத் தீர்மானிப்பது கொசு. சமவெளியில் வயல், வாய்க்கால், குட்டைகளில் வளர்வது அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். இந்தியக் கிராமங்களின் மலேரியாவில் பெரும்பங்கு இதனுடையது. மலையடிவாரத்தில் மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளிலும் ஊற்றுக்கசிவிலும் வளர்வது அனோபிலிஸ் ஃபுளுவியாட்டிலிஸ். இதன் ஒரு வகை மனித ரத்தத்தையே பெரிதும் நாடுவது. ஒடிஷாவின் மலையோரக் கிராமங்களில் குளிர்காலத்திலும் பரவல் தொடர்வதற்கு வற்றாத ஓடைகளும் இந்தக் கொசுவும் காரணம். ஓடைக்கு அருகே உள்ள குடியிருப்பில் தொற்று மிகுந்தும், சற்றுத் தள்ளியுள்ள குடியிருப்பில் குறைந்தும் இருப்பதை ஒரே ஊராட்சிக்குள் காணலாம்.

சிகிச்சையும்கூடச் சில வேளைகளில் இந்நிலையை உண்டாக்குகிறது. காய்ச்சல் விட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டால் எஞ்சிய ஒட்டுண்ணிகள் குறைந்த அளவில் நீடிக்கும். மூன்று நாள் மருந்தில் இது நேரும். வைவாக்சுக்கு 14 நாள் தர வேண்டிய பிரைமாகுயின் மருந்தில் அடிக்கடி நேரும்.

கொசு இல்லாத மாதங்களில்

ஆப்பிரிக்காவின் சகேல் வட்டாரத்தில் ஆண்டில் பாதிக்கும் மேல் மழை இல்லை. கொசுவும் ஏறத்தாழ இல்லை. அடுத்த மழைவரை ஒட்டுண்ணி தங்கியிருக்கும் ஒரே இடம் மனித உடல். மாலி நாட்டின் கலிஃபபூகு கிராமத்தில் நடந்த ஆய்வு இதன் நுட்பத்தை 2020இல் வெளிப்படுத்தியது. வறண்ட காலத்தில் ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுக்கள் நாளச் சுவரில் அழுந்த ஒட்டுவதில்லை. கூடுதல் நேரம் ரத்தத்தோடு சுற்றுகின்றன. அதனால் மண்ணீரல் அவற்றில் பலவற்றை வடிகட்டிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தே இருப்பதால் உடலின் எதிர்ப்பு மூண்டெழுவதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. மழை பெய்து கொசு பெருகும்போது பரவத் தேவையான ஒட்டுண்ணி ஊருக்குள்ளேயே தயாராக இருக்கிறது.

வைவாக்ஸ் இதே இடைவெளியைக் கல்லீரலில் உறங்கிக் கடக்கிறது. உறங்கும் நிலையை ரத்தப் பரிசோதனை எதுவும் நேரடியாகக் காட்டாது. மண்ணீரலும் ஒரு மறைவிடம். இந்தோனேசியாவின் பப்புவாவில் வேறு காரணங்களுக்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. காய்ச்சல் இல்லாத அவர்களில் பலருடைய மண்ணீரலில், சுற்றும் ரத்தத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு ஒட்டுண்ணிகள் உயிரோடு குவிந்திருந்தன. வைவாக்சில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் உடலில் உள்ள தொற்றின் முழு அளவைச் சொல்லிவிடாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அறிகுறி இல்லை, பாதிப்பு உண்டு

காய்ச்சல் இல்லாததால் கெடுதல் இல்லை என்று நீண்ட காலம் கருதப்பட்டது. ஒட்டுண்ணியை உடலில் விட்டுவைத்தால் எதிர்ப்பாற்றல் நிலைக்கும், மருந்து கொடுத்து நீக்கினால் அடுத்த தொற்று கடுமையாக வரும் என்ற அச்சமும் இருந்தது. மாலியில் நடந்த மற்றோர் ஆய்வில், இத்தகைய தொற்றுக்கு மருந்து கொடுத்து நீக்கிய பிறகும் அடுத்த பருவத்தில் காய்ச்சல் வரும் ஆபத்து கூடவில்லை.

பாதிப்புகளில் முதன்மையானது ரத்தசோகை. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் சிதைகின்றன. அவற்றோடு நலமாக உள்ள அணுக்களையும் மண்ணீரல் அழிக்கிறது. சத்துக்குறைவும் கொக்கிப்புழுவும் ஏற்கெனவே உள்ள ஊரில் இது பெருஞ்சுமை. மேற்குக் கென்யாவின் பள்ளிகளில், மாணவர்கள் எல்லோருக்கும் அவ்வப்போது மலேரியா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாடத்தில் கவனம் நிலைக்கும் திறனும் கூடியது. 2008இல் இம்முடிவு வெளியான பின், பள்ளிப் பிள்ளைகளின் அறிகுறியற்ற தொற்று கல்வி சார்ந்த சிக்கலாகவும் பார்க்கப்பட்டது.

கர்ப்பிணிகளிடம் ஆபத்து இன்னும் கூடுகிறது. நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணி வகை தனியானது. முதல் கர்ப்பத்துக்கு முன் அதைச் சந்திக்க உடலுக்கு வாய்ப்பே இல்லை. ஆகவே மலேரியாவுக்குப் பழகிய பெண்ணுக்கும் முதல் பேறுகாலத்தில் அதற்கெதிரான காப்பு இல்லை. தாய்க்குக் காய்ச்சல் இல்லாதபோதே நஞ்சுக்கொடியில் ஒட்டுண்ணி சேர்ந்து, குழந்தைக்குப் போகும் ஊட்டத்தைக் குறைக்கிறது. பிறக்கும் குழந்தை எடை குறைகிறது. குறைப்பிரசவமும் கருச்சிதைவும் நேரலாம்.

இவை தவிர, சில பாக்டீரியாத் தொற்றுகள் ரத்தத்தில் பரவும் வாய்ப்பு கூடுகிறது. ரத்த தானத்தின் வழியும் மலேரியா பரவலாம். அறிகுறி இல்லாதவர்தான் தானம் கொடுக்க வருவார் என்பதால் இந்த வழியில் பரவும் மலேரியா ஏறத்தாழ முழுவதும் இத்தகையோரிடமிருந்து வருவதே. மருந்துக்கு அடங்காத வகை தோன்றினாலும் அதைப் பாதுகாத்து வைப்பவர்கள் இவர்களே. கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டிமிசினின் மருந்துக்குப் பணியாத ஃபால்சிபாரம் கண்டறியப்பட்ட பிறகு, மீகாங் நாடுகள் அறிகுறியற்ற தொற்றைத் தேடத் தொடங்கியதற்கு இதுவும் காரணம்.

சோதனைக்குத் தப்பும் அளவு

ஸ்லைடில் ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது நூறாண்டு கடந்த முறை. களத்தில் இதன் எல்லை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 ஒட்டுண்ணிகள். கைதேர்ந்தவர் அதற்கும் கீழே காண்பார். விரலில் குத்தி ஒரு துளி வைத்தால் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் துரிதப் பரிசோதனை அட்டையின் எல்லை 100 முதல் 200. ஒட்டுண்ணியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை ஐந்துக்கும் கீழே எட்டும். அதிக ரத்தம் எடுத்துச் செய்யும் அதிநுண் பிசிஆர் அதைவிடப் பல மடங்கு கீழே போகும். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள பெரியவருக்கு மைக்ரோலிட்டருக்கு ஓர் ஒட்டுண்ணி என்றால்கூட உடலில் 50 லட்சம் ஒட்டுண்ணிகள் சுற்றுகின்றன. அவருக்கு நுண்ணோக்கியும் அட்டையும் 'மலேரியா இல்லை' என்றே சொல்லும்.

பிசிஆர் காட்டும் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் நுண்ணோக்கி காண்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. பரவல் குறையக் குறைய இந்தப் பங்கு இன்னும் குறைகிறது. மலேரியாவைக் குறைப்பதில் முன்னேறிய வட்டாரத்தில்தான் வழக்கமான சோதனை மிகுதியாகத் தவறவிடுகிறது.

சோதனைக்கு எட்டாத தொற்றிலிருந்து கொசுவுக்குப் பரவுமா என்பது அடுத்த கேள்வி. பரவ வேண்டுமானால் கேமிட்டோசைட் எனப்படும் ஆண், பெண் வடிவ ஒட்டுண்ணிகள் கொசுவின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். கொசு ஒருமுறை உறிஞ்சுவது இரண்டு மூன்று மைக்ரோலிட்டர்தான். ஒட்டுண்ணி மிகக் குறைவாக உள்ளவரிடமிருந்து ஒரு கடியில் பரவும் வாய்ப்பு குறைவு. ஆனால் அத்தகையவர்கள் எண்ணிக்கையில் அதிகம், மாதக்கணக்கில் கடிபடுகிறார்கள். அதோடு, இன்று எல்லைக்குக் கீழே உள்ள எண்ணிக்கை அடுத்த வாரம் மேலே ஏறலாம். ஃபால்சிபாரத்தின் கேமிட்டோசைட் முதிர ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வைவாக்சில் காய்ச்சல் வருமுன்னே அவை ரத்தத்தில் வந்துவிடுவதால், நோயாளியை உடனே கண்டு மருந்து கொடுத்தாலும் அதற்குள் கொசுவுக்குப் பரவியிருக்கலாம்.

துரித அட்டைக்கு வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஃபால்சிபாரம் வெளியிடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தையே பெரும்பாலான அட்டைகள் தேடுகின்றன. மருந்தில் ஒட்டுண்ணி மடிந்த பின்னும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்குவதால், குணமானவருக்கும் கோடு தெரியும். இதற்கு மாறாக, அந்தப் புரதத்தின் மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் உள்ளன. முதலில் பெருவில் 2010இல் அறியப்பட்டு, பின்னர் எரித்திரியாவிலும் எத்தியோப்பியாவிலும் பரவிய இவ்வகை இருந்தாலும் அட்டையில் கோடு விழாது.

ஒடிஷாவும் பஸ்தரும்

2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் மலேரியாவில் நாற்பது சதவீதம் அளவுக்கு ஒடிஷாவில் பதிவானது. தெற்கு மாவட்டங்களில் மழைக்காலத்தில் பல கிராமங்களுக்கு வழியே இல்லை. காய்ச்சல்காரர் சுகாதார நிலையத்தை அடைய ஆறும் காடும் கடக்க வேண்டும். பொலாங்கீர், தேன்கனால், அங்குல், கந்தமால் மாவட்டங்களில் 2013 முதல் நடந்த முன்னோடித் திட்டத்தில் கடைக்கோடி ஊரிலும் சோதனையும் மருந்தும் தடையின்றிக் கிடைக்கச் செய்தார்கள். அங்கேதான் காய்ச்சல் இல்லாத தொற்றின் அளவும் வெளிப்பட்டது.

அந்த அனுபவத்தின் மீது எழுந்தது தமன் திட்டம். எளிதில் எட்ட முடியாத ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் மலேரியா முகாம் நடந்தது. காய்ச்சல் உண்டா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் துரித அட்டையில் சோதனை செய்து, ஒட்டுண்ணி இருந்த எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தசோகையும் குழந்தைகளின் சத்துக்குறைவும் அதே முகாமில் பார்க்கப்பட்டன. முகாமுக்கு முகாம் இடைப்பட்ட மாதங்களில் காய்ச்சல் கண்டவர்களை ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர் கவனித்துக்கொண்டார். 2017இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்தூட்டிய கொசுவலைகள் மாநிலத்தில் வழங்கப்பட்டன. அந்த ஆண்டில் ஏறத்தாழ 3.47 லட்சமாக இருந்த மலேரியா எண்ணிக்கை 2018இல் 66 ஆயிரமாகக் குறைந்தது.

சத்தீஸ்கரில் 'மலேரியா இல்லாத பஸ்தர்' இயக்கம் 2020 ஜனவரியில் தொடங்கியது. பணியாளர்கள் வீடு வீடாகப் போய் எல்லோரையும் சோதித்தார்கள். முதல் சுற்றிலேயே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சலுக்காகக் காத்திருந்திருந்தால் இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வந்திருக்கமாட்டார்கள்.

இரு மாநிலங்களிலும் கொடுக்கப்படுவது தேசிய வழிகாட்டலின்படியான மருந்து. ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து மூன்று நாள், அதோடு கேமிட்டோசைட்டை அழிக்க ஒரு வேளை பிரைமாகுயின். வைவாக்சுக்குக் குளோரோகுயின் மூன்று நாள், கல்லீரலில் உறங்குவதை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக் கூடும் என்பதால் கவனம் தேவை. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது தரப்படுவதில்லை. ஆகவே கர்ப்பகாலத்தில் வைவாக்ஸ் தொற்றிய பெண்ணின் கல்லீரலில் அது உறங்கியபடியே இருக்கும். அது மறுபடி எழுகிறதா என்று மகப்பேறு முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சோதித்து மருந்து கொடுத்தால் போதுமா?

புர்கினா ஃபாசோ, சான்சிபார், மேற்குக் கென்யா ஆகிய இடங்களில் ஊர் முழுவதையும் துரித அட்டையால் சோதித்துத் தொற்று உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்த சோதனைகள் நடந்தன. பரவலில் நிலையான சரிவு எதுவும் வரவில்லை. அட்டை தவறவிட்டவர்களிடம் எஞ்சிய ஒட்டுண்ணியே சில மாதங்களில் பழைய நிலையைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது. இவற்றின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 2022இல், பரவலைக் குறைப்பதற்காக ஊரெல்லாம் சோதித்து மருந்து கொடுக்கும் முறையைப் பரிந்துரைக்க இயலாது என்று நிபந்தனையுடன் அறிவித்தது.

ஒடிஷாவின் சரிவோடு இது முரண்படுவதுபோலத் தோன்றும். ஆனால் ஒடிஷாவில் சோதனை தனியே நடக்கவில்லை. புதிய வலைகளும், ஊருக்குள் எந்நாளும் கிடைக்கும் மருந்தும், சுவரில் மருந்தடிப்பும் அதோடு இருந்தன. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்லும் வகையில் அங்கே ஒப்பீடு அமைக்கப்படவில்லை. பரவல் ஓரளவு குறைந்து, கொசுக்கடியும் கட்டுக்குள் இருக்கும்போது முகாம் பயன் தருகிறது. கொசுக்கடி தொடரும் ஊரில் முகாமில் குணமானவருக்கே மறுபடி தொற்றுகிறது. பின்வந்த ஆண்டுகளும் இதையே சொல்கின்றன. 2022இல் 24 ஆயிரத்துக்குள் இறங்கிய ஒடிஷாவின் எண்ணிக்கை 2023இல் 40 ஆயிரத்தைத் தாண்டியது. மருந்தூட்டிய வலையின் வீரியம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்பதும், எட்டாத ஊர்கள் இன்னும் எஞ்சியுள்ளன என்பதும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியவை.

சோதனையே செய்யாமல் ஊரார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுப்பது மற்றொரு வழி. இதில் சோதனைக்கு எட்டாத தொற்றும் அடங்கிவிடும். மியான்மரின் கயின் மாநிலத்தில், கிராமங்களிலிருந்து மாதிரி எடுத்து அதிநுண் பிசிஆரால் சோதித்தார்கள். தொற்று மிகுந்த கிராமங்களில் மட்டும் மூன்று மாதம் தொடர்ந்து எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். ஊர்தோறும் மலேரியா நிலையமும் இயங்கியது. ஃபால்சிபாரம் அங்கே வேகமாகச் சரிந்தது. ஆனால் நோயற்றவர் கையில் மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொல்வதற்கு ஊரின் நம்பிக்கை வேண்டும். பெரும்பாலோர் ஒத்துழைக்காவிட்டால் பயன் இல்லை; அரைகுறையாகச் செய்தால் மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி உருவாகும் அபாயமும் உண்டு.

மூன்றாவது வழி, ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் குறிவைப்பது. சகேல் நாடுகளில் மழை மாதங்களில் சிறு குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை தடுப்பு மருந்து தருவதும், ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இடைவெளி விட்டு மருந்து தருவதும் இந்த வகை. ஒருவருக்கு மலேரியா உறுதியானதும் அவருடைய வீட்டாரையும் அக்கம்பக்கத்தையும் சோதிப்பது, பரவல் அருகிய இடங்களுக்குப் பொருந்தும். பள்ளிகளில் பிள்ளைகளைச் சோதிப்பதும், காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் போகுமுன் மருந்தூட்டிய தொங்குபடுக்கை வலை கொடுப்பதும், திரும்பியதும் ரத்தம் பார்ப்பதும் இதில் சேரும்.

ஒழித்த பிறகும்

அறிகுறியற்ற தொற்றை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் வரலாறு சான்று. டிடிடி தெளிப்பால் 1963இல் அங்கே பதிவான மலேரியா வெறும் 17. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. கண்ணில் படாமல் எஞ்சியிருந்த தொற்றுகளும், மழை பொய்த்து ஆற்றுப்படுகைகளில் தேங்கிய குட்டைகளில் பெருகிய கொசுவும் சேர்ந்தன. 1967 முதல் 1969 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இரண்டாவது முயற்சியில் இலங்கை தளர்ந்துவிடவில்லை. உள்நாட்டில் பரவிய கடைசித் தொற்று 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அதன் பின்னும் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றித் திரும்பும் படையினருக்குக் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனை நடக்கிறது.

தமிழ்நாட்டில் மலேரியா பெரிதும் அருகிவிட்டது. ஆனால் ஒடிஷா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் கிராமங்களிலிருந்து செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஆலைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஊரில் பெற்ற எதிர்ப்பாற்றலால் காய்ச்சல் இல்லாமலே சிலர் ஒட்டுண்ணியோடு வந்து சேரலாம். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி இங்கே நகரங்களில் உள்ளது. 2017இல் இலங்கையின் மன்னாரிலும் அது பதிவானது. வந்தவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதால் பயன் ஏதுமில்லை. அவர் சோதனைக்கு வர அஞ்சும் நிலையே உண்டாகும். வேலையிடத்திலேயே சோதனையும் இலவச மருந்தும், தங்குமிடத்தில் வலையும் கிடைப்பது அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

இந்தியாவின் இலக்கு 2027க்குள் உள்நாட்டுத் தொற்று இல்லாத நிலை; 2030க்குள் முழு ஒழிப்பு. மீதமுள்ள மலேரியாவில் பெரும்பகுதி காடும் மலையும் சூழ்ந்த பழங்குடிக் கிராமங்களில் உள்ளது. அங்கே கொசுக்கடியைக் குறைக்கும் வலை, வீடு, ஓடைப் பராமரிப்பு ஆகியவை முதல் தேவை. ஆண்டு முழுவதும் ஊரிலேயே சோதனையும் முழு மருந்தும் கிடைப்பது இரண்டாவது. பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், நோயாளியின் வீட்டார் ஆகியோரைக் காய்ச்சல் இல்லாதபோதும் சோதிப்பது மூன்றாவது. முதல் இரண்டும் நோயைக் குறைக்கும். மூன்றாவதும் சேர்ந்தால்தான் பரவல் நிற்கும்.